எழுப்பும் பாட்டு

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் அட்டை கடிக்காத ஒரே மனிதன் நடராஜா. இதை எனக்குச் சொன்னவள் அவனுடைய பெண்சாதி புஷ்பவதி. சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

சிரிக்காமல் என்ன செய்வது? எல்கடுவைக்கு மேலே மழை நாளில் நடந்தவர்களுக்குத் தெரியும். புல்லில் கால் வைத்தால் போதும், நூல் நூலாக எழுந்து நின்று தலையாட்டும். துரையைக் கடிக்கும், கங்காணியைக் கடிக்கும், மாத்தளைப் பட்டணத்திலிருந்து புடவை மூட்டையோடு ஏறி வருகிற என்னையும் கடிக்கும். ஆள் பார்த்து நடக்காத சீவன் அந்த மலையில் அது ஒன்றுதான். நான் காலுக்குச் சவர்க்காரம் தேய்த்து, சாரனை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் போவேன். அப்படியும் வீடு திரும்பினால் இரண்டு கொழுத்துப்போய்த் தொங்கும். உம்மா என்னை வாசலில் நிறுத்தி, உப்புத் தூவிய பிறகுதான் உள்ளே விடுவா.

"நெசமாத்தான் நானா, சிரிக்காதீங்க" என்றாள் புஷ்பவதி. எங்கள் ஆட்களைத் தோட்டத்தில் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போதுதான் கொழுந்து நிறுத்துவிட்டு வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து லயத்து வரிசை வீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் காயப் போட்டுவிட்டு, தன் காலில் ஒட்டியிருந்ததைச் சாம்பல் தடவிப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "கவ்வாத்து மலையில காலையில இருந்து நிக்கிறாரு. மத்த ஆம்பளைங்க காலெல்லாம் ரத்தமா வாறாங்க. இவரு காலு கழுவி வெச்ச மாதிரி இருக்கு. ஒரு நாளைக்கு நானே ஒன்னப் புடிச்சு அவரு கெண்டக்கால்ல விட்டேன். அது சுத்திச் சுத்திப் பாத்துச்சு. அப்புறம் எறங்கி என் கையிக்கே வந்துருச்சு."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இது எழுபத்திமூன்றாம் வருசத்துத் தை மாதம். மா தட்டுப்பாடு தொடங்கியிருந்த காலம். இருந்த கொஞ்ச மாவில் தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டு ரொட்டி தட்டியிருந்தாள். கட்டைச் சம்பலும் பாலில்லாத சாயத்தண்ணியும். நடராஜா மலையிலிருந்து வந்து, "சொகமா நடராஜா?" என்று நான் கேட்டதற்கு "ம்" என்றான். அவன் பேச்சு அவ்வளவுதான். ஐந்து வயது மகள் சந்திரகாந்தா ஓடிவந்து அவன் மடியில் ஏறிக்கொண்டாள். அவன் ரொட்டியைப் பிய்த்து, சம்பல் படாத பக்கமாகப் பார்த்து அவளுக்கு ஊட்டினான். அவன் பேசாதது பிள்ளைக்கு ஒரு குறையாகவே படவில்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவளே பேசினாள்.

அந்த நேரம் பக்கத்து வீட்டுக் காம்பராவில் ரேடியோ பாடத் தொடங்கியது. முதலில் கிட்டார், பிறகு டிரம்ஸ், பிறகு அந்தக் குரல். 'எழுந்திரு எழுந்திரு மன்மதா.' அந்த நாட்களில் அந்தப் பாட்டுக் கேட்காத தேத்தண்ணிக் கடை இல்லை.

நடராஜா பிள்ளையைப் பக்கத்தில் இறக்கி வைத்தான். எழுந்து நின்றான். கையில் பாதி ரொட்டி. கண் எதையும் பார்க்கவில்லை. பாட்டு முடியும் வரை ஒட்டுப்போட்ட தகரக் கூரைக்குக் கீழே அப்படியே நின்றான். முடிந்ததும் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ரொட்டியைத் தின்னத் தொடங்கினான். லயத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, பழகிப்போயிருந்தது. நான்தான் சாயத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குரல் புஷ்பவதியின் அண்ணனுடையது. அவனுக்கு நான் டிரம் அடித்திருக்கிறேன்.

*

சிவலிங்கம் என்பது அவன் சொந்தப் பெயர். அவனை நாங்கள் கண்டுபிடித்ததாக என் மச்சான் மர்சூக் இன்றைக்கும் சொல்லிக்கொள்வான். உண்மையில் அவன்தான் எங்களைத் தேடிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தான். மர்சூக்கின் வாப்பாவுக்கு மிளகு, கராம்பு, கொக்கோ வியாபாரம். அந்தப் பண்டகசாலையின் பின்பக்கத்தில், மூட்டைகளுக்கு நடுவில், அறுபத்தைந்தாம் வருசம் நாங்கள் நாலு பேர் ஒரு பேண்ட் தொடங்கியிருந்தோம். மர்சூக்கிடம் மின்சாரக் கிட்டார் இருந்தது. பழைய ரேடியோவைப் பிரித்து ஒரு ரிப்பேர்காரர் செய்து கொடுத்த பெட்டியில் அதைச் செருகினால், பாதி நேரம் கிட்டார் கேட்கும், பாதி நேரம் செய்தி கேட்கும். நான் டிரம். என்னை அதில் உட்கார வைத்ததற்கு வேறு காரணம் இல்லை, வேறு ஆள் இல்லை.

சிவலிங்கம் வந்து வாயைத் திறந்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது, இதுவரை செய்தது சத்தம் என்று. அப்படி ஒரு குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத உயரத்தில் ஏறி, அங்கேயே நின்று கீழே பார்க்கும். தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேசம் கட்டிக் கட்டி வந்த குரல் அது.

காமன் கூத்தை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாசி மாதம் தோட்டத்தில் காமன் பொட்டல் என்று ஒரு வெட்டையான இடத்தில் கம்பம் நட்டு, மன்மதன் கதையை ஆடுவார்கள். மன்மதனும் ஆண்பிள்ளை, ரதியும் ஆண்பிள்ளை. வேசம் கட்டுகிற இரண்டு பேரும் மூன்று வருசம் சேர்ந்தே ஆடுவதாக நேர்ந்துகொள்ள வேண்டும். சிவன் மன்மதனை எரிப்பார். எரிந்தவன் பச்சைக் குழைப் பந்தலுக்குள் வெள்ளைத் துணி மூடிக் கிடப்பான். அவன் பெயரை யாரும் சொல்லக்கூடாது. மூன்றாம் நாள் ரதி வந்து எழுப்பும் பாட்டுப் பாட வேண்டும். கடைசி அடியில், மன்மதன் என்றில்லாமல் கிடக்கிறவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்போது எழுவான். ஏழாங்கட்டையில் ரதி சிவலிங்கம், மன்மதன் அவன் மச்சான் நடராஜா. நடராஜா கிடக்கும்போது உண்மையாகவே நினைவு தப்பிப்போவான் என்று சொல்வார்கள். நான் ஐந்து வேளையும் தொழுகிறவன் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவைத் தவறவிடாதவன். இதையெல்லாம் கூத்து என்று நினைத்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அறுபத்தாறு மாசியில் கண்டியில் ஒரு பொருட்காட்சி. எங்கள் பேண்டுக்கு முதல் மேடை. அன்று காலை சிவலிங்கம் பண்டகசாலைக்கு நடந்தே வந்தான். முகத்தில் அரிதாரம் பாதி கழுவியபடி, காதோரம் சிவப்பு அப்படியே இருந்தது.

"கூத்து முடிஞ்சா?" என்று மர்சூக் கேட்டான்.

"முடிஞ்சிருச்சு" என்றான்.

அன்றைய மேடையில் கடைசியாக, எங்களிடம் சொல்லாமலே, அவன் எழுப்பும் பாட்டை எடுத்தான். மர்சூக் தடவித் தடவிச் சுருதியைப் பிடித்தான். நான் ஏதோ தட்டினேன். சனம் பேச்சை நிறுத்திவிட்டது. எனக்கு இப்போதும் மறக்காதது வேறு: தாய்மார் தோளில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து அழுதன. கடைசி அடி வருவதற்கு முன்னால் அவன் நிறுத்திக்கொண்டான். சனம் கைதட்டியது. குழந்தைகளின் அழுகை மட்டும் அடங்கவே இல்லை.

அந்தக் கூட்டத்தில் இருந்தார் மெல்வின், பறங்கி மனிதர், கண்டி வாவிக்கரை ஹோட்டலில் பேண்ட் நடத்தியவர். மறுவாரமே சிவலிங்கத்தைக் கூட்டிப்போய்விட்டார். அவன் பெயர் அவர் வாயில் நுழையாமல் லிங்கோ ஆயிற்று. பொருள் தெரியாத இங்கிலீஸ் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடினான். துரைமார் ஆட பைலாப் பாட்டுப் பாடினான். அங்கேயும் எழுப்பும் பாட்டை வேகமாக்கி, கடைசி நடனத்துக்குப் பாடுவானாம். உட்கார்ந்திருக்க ஒருத்தராலும் முடியாதாம். எங்கள் பேண்ட் அத்தோடு படுத்துவிட்டது. மர்சூக் கலியாணம் முடித்துக் கராம்பு நிறுக்கப் போனான், நான் வாப்பாவின் புடவை மூட்டையைத் தூக்கினேன்.

மெல்வின் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய பிறகு லிங்கோ கொழும்புக்குப் போய், கொட்டாஞ்சேனைப் பையன்களோடு 'எரிமலை' என்று சொந்த பேண்ட் தொடங்கினான். தோள் வரை முடி, பெல்பொட்டம் காற்சட்டை. பாட்டெல்லாம் தானே எழுதினான். கொழுந்துக் கூடையைப் பற்றி எழுதினான், கோச்சி ரயிலைப் பற்றி எழுதினான், நல்ல பாட்டுகள்தான். ஆனால் போகிற இடமெல்லாம் சனம் கேட்டது அந்த ஒன்றை. அதுதான் இசைத்தட்டாக வந்தது, அதுதான் ரேடியோவில் வந்தது. அதிலும் கடைசி அடி இல்லை.

*

"அண்ணன் அன்னைக்கு விடிய முன்னாடியே ஓடிருச்சு நானா" என்றாள் புஷ்பவதி, ரேடியோ அடங்கிய பிறகு. "கூத்துக்கு மூனாவது வருசம். எரிச்சாச்சு, இவரு துணிக்குள்ள கெடக்குறாரு, ரதிய காணோம். கூத்து பழக்குற இருளாண்டி மாஸ்டருதான் ரதி சீலய தோள்ல போட்டுக்கிட்டுப் பாடுனாரு. மஞ்சத்தண்ணிய ஊத்தி, தோளப் புடிச்சு ஒலுக்குனாங்க. எந்திரிச்சாரு. நடந்தாரு. எல்லாரும் பொங்கச்சோறு தின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. எந்திரிச்சது அவரு இல்லன்னு எனக்குத்தானே தெரியும்."

பக்கத்துக் காம்பரா ராசம்மா அரிசி புடைத்துக்கொண்டே குறுக்கே விழுந்தாள். "குடிக்கிறதில்ல, கை நீட்டுறதில்ல, சம்பளத்த அப்பிடியே கொண்டாந்து குடுக்குறான், பிள்ளைய தோள்ல தூக்கிக்கிட்டுப் போயி பிள்ளைக்காம்பரா ஆயாகிட்ட விடுறான். இவளுக்கு என்னா கொறையாம், கேளுங்க நானா. எங்க வீட்டுக்காரன யாராச்சும் இப்பிடிப் பாதி எழுப்பிக் குடுத்தா நான் கும்புட்டு வாங்கிக்குவேன்."

"அக்கா, நீங்க சும்மா இருங்க" என்றாள் புஷ்பவதி. சிரிக்கத்தான் முயன்றாள், கண் நிறைந்துவிட்டது. "நான் கட்டுன மனுசன் குடிப்பாருதான். ஒரு தடவ அடிச்சாரு, அடிச்சுட்டு என்னைய விடக் கூட அழுதாரு. ஆனா மல மேல இருந்து எறங்கயிலயே புஷ்பம் புஷ்பம்னு கத்திக்கிட்டு வருவாரு, லயமே சிரிக்கும். இந்த ஏழு வருசமா என் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்புட்டதில்ல நானா. ஒப்பந்தத்துல பங்குனி கடைசியில எங்களுக்கு இந்தியாவுக்குக் கோச்சி. பாஸ்போட்டு வந்துருச்சு. அங்க போயிட்டா இந்தப் பொட்டல் ஏது, எழுப்புறது ஏது? மிச்ச மனுசன இங்கயே விட்டுட்டு நான் எப்பிடிப் போறது?"

நடராஜா பிள்ளையின் தலையைச் சீவிக்கொண்டிருந்தான். தன்னைப் பற்றிய பேச்சு என்பது அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ. சிக்கு எடுக்கும்போது மட்டும் பிள்ளைக்கு வலிக்காமல் முடியின் அடியைப் பிடித்துக்கொண்டான்.

*

மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேர். அந்த வருசம் தேர் நாளன்று பிற்பகல், பட்டணத்து மைதானத்தில் 'எரிமலை' பாட வருவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் மேலே ஆள் அனுப்பினேன். புஷ்பவதி புருசனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். நான் கொடுத்த புதுச் சேலை, கத்தரிப்பூ நிறம்.

லொறித் தட்டில் மேடை. லிங்கோ உடம்பெல்லாம் வியர்த்துப் பாடினான். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே பாடினான். கடைசியில் சனம் கத்தத் தொடங்கியது. கிட்டார் எடுத்துக் கொடுத்தது.

எரிஞ்ச மேனி ஆறலையோ – மன்மதா
எழுந்துவர மனமில்லையோ
சாம்பலிலே படுத்தது போதும் – மன்மதா
சந்தனம் அரச்சு வெச்சிருக்கேன்

தரையில் உட்கார்ந்திருந்த நடராஜா எழுந்தான். இந்த முறை நிற்கவில்லை, நடந்தான். சனம் தானாக விலகி வழி விட்டது. மேடைக்குப் பத்தடி இருக்கும்போது பாட்டு அதன் வழக்கமான இடத்தில் நின்றது. அவனும் நின்றான். முன்னுக்கும் போகத் தெரியாமல், பின்னுக்கும் வரத் தெரியாமல், வீதியைத் தவறவிட்ட மாட்டைப் போல நின்றான். மேலேயிருந்து லிங்கோ அவனைப் பார்த்தான். ஒலிவாங்கியைப் பிடித்திருந்த அவன் கை கீழே இறங்குவதை நான் பார்த்தேன்.

அன்று சாயந்தரம் எல்லோரையும் எங்கள் கடைக்குக் கூட்டி வந்தேன். அங்கே பின்னறையில், புடவைக் கட்டுகளுக்கு நடுவில், அண்ணனும் தங்கச்சியும் அத்தனை வருசத்துக்குப் பிறகு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். உம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, நடராஜாவை ஒரு பார்வை பார்த்து, ஏதோ ஓதிக்கொண்டே போய்விட்டா.

"ஒரே ஒரு தடவ வந்து பாடிட்டுப் போ அண்ணே" என்றாள் புஷ்பவதி. "கடைசி அடிய மட்டும் பாடு. வேற ஒன்னும் கேக்கல."

லிங்கோ தலையைக் குனிந்தபடியே சொன்னான். "ஒனக்குத் தெரியாதா புஷ்பா? மூனாவது வருசம் எழுப்பிட்டா, ரதி பாட்ட பொட்டல்லயே எறக்கி வெச்சிரணும். அப்புறம் அது என்னுது இல்ல. வாய்ல வராது, வந்தாலும் பாடக்கூடாது."

"தெரியும்."

"அடுத்த மாசம் சிங்கப்பூர் போறோம். அந்தப் பாட்டுக்குத்தான் கூப்புட்டிருக்காங்க. நான் எழுதுன மத்த பாட்டு எதுக்கும் இல்ல. அந்த ஒன்னு இல்லாட்டி லிங்கோ யாருக்கு வேணும்?"

"அதுக்காகத்தான் அன்னைக்கும் ஓடுனியா?"

வெளியே தேர்க் கொட்டு கேட்டது.

"சொல்லு அண்ணே. கண்டியில பாடப் போறேன்னு ஓடுனியா, பாட்ட எறக்கி வெக்க மனசில்லாம ஓடுனியா?"

"மனசில்லாமத்தான்" என்றான். "பொருட்காட்சி சாயந்தரந்தானே. பாடிட்டே வந்திருக்கலாம். வயித்துல இருந்து ஒன்னப் புடுங்கிக் குடுக்கச் சொன்ன மாதிரி இருந்துச்சு புஷ்பா. மாஸ்டரு பாடிக்குவாருன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு, அவன் குரலைக் கேட்டிருந்த எனக்கு, அவன் விட மறுத்ததன் அருமையும் தெரிந்தது. நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன்.

"ராத்திரில தூக்கத்துல எந்திரிச்சு நிப்பாரு" என்றாள் புஷ்பவதி. குரலை உயர்த்தவேயில்லை. "ரேடியோகூட இருக்காது. லயமே தூங்கும். அண்ணன் எங்கயோ மேடையில பாடுதுன்னு நெனச்சுக்குவேன். நின்னு முடியிற வரைக்கும் நானும் பக்கத்துல நிப்பேன்."

"எல்லாத் தடவையுமா?"

"கண்டியில இருந்தப்ப தெனமும்."

லிங்கோ நடராஜாவின் பக்கம் திரும்பினான். "மச்சான், என்னத் தெரியுதா?"

"ம்."

லிங்கோ மெதுவாக, மூச்சு விடுவதுபோல், முதல் அடியை முனகினான். நடராஜா எழுந்தான். லிங்கோ நிறுத்தினான். நடராஜா உட்கார்ந்தான். லிங்கோ மறுபடியும் முனகினான், மறுபடியும் அவன் எழுந்தான். மூன்றாவது முறை முனகவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த நீண்ட முடியெல்லாம் முகத்தில் விழ, விம்மி விம்மி அழுதான். பிள்ளை சந்திரகாந்தா போய் அவன் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

"மாமா அழுவாதீங்க. அப்பா ஒன்னும் செய்ய மாட்டாரு" என்றாள்.

*

தேர் முடிந்து மூன்றாம் நாள் லிங்கோவும் நானும் தோட்டத்துக்கு ஏறினோம். அந்த வருசம் ஏழாங்கட்டையில் கூத்து இல்லை. பாதிக் குடும்பங்கள் இந்தியாவுக்குப் போய்விட்டன, மீதி போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. பொட்டலில் கம்பம் நட்ட பழைய குழியில் புல் முளைத்திருந்தது. தேயிலை முடிந்து காடு தொடங்குகிற மூலை அது. ஒரு பக்கம் சரிவு, சரிவில் இறங்கிப் போகிற ஒற்றையடிப் பாதை. பகல் மூன்று மணிக்கே ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து மூடுபனிப் புகார் இறங்கி, எட்டடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

இருளாண்டி மாஸ்டர் தப்புப் பறையோடு வந்திருந்தார். "எரிக்கவேண்டாமா மாஸ்டர்?" என்று நான் கேட்டேன்.

"எரிச்சது அன்னைக்கே எரிச்சாச்சு தம்பி. எழுப்புறதுதான் பாக்கி" என்றார்.

மாஸ்டரையும் எங்களையும் தவிர ஒருத்தரும் வரவில்லை. ராசம்மாகூட வர மாட்டேன் என்றுவிட்டாள். புஷ்பவதி மூன்று கல் வைத்துப் பொட்டலிலேயே சோறு பொங்கினாள், பாட்டில் அப்படி வருகிறது. லிங்கோ பெல்பொட்டத்துக்கு மேல் தங்கச்சியின் கத்தரிப்பூச் சேலையைச் சுற்றிக்கொண்டான். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நடராஜா படு என்றதும் படுத்தான். மாஸ்டர் வெள்ளைத் துணியை முகம் வரை இழுத்து மூடினார்.

"அப்பா தூங்குறாரா?" என்றது பிள்ளை.

"ஆமா, நீ பேசாத" என்று புஷ்பவதி அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். 

தப்பு மெல்ல ஒலித்தது. லிங்கோ பாடினான். ஒலிவாங்கி இல்லை, கிட்டார் இல்லை. பண்டகசாலை வாசலில் வந்து நின்ற அன்றைக்கு இருந்த குரல், அதற்குப் பிறகு நான் கேட்டே இராத குரல், புகாருக்குள் போய்த் திரும்பி வந்தது. காட்டில் கத்திக்கொண்டிருந்த பூச்சியெல்லாம் அடங்கிவிட்டன. எந்த மேடையிலும் அவன் நிறுத்துகிற இடம் வந்தது. அங்கே ஒரு மூச்சு நின்றான். பாட்டைப் பிரிகிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று அப்போது பார்த்தேன். பிறகு தாண்டிப் போனான்.

ஊரச் சொன்னா வருவீரோ – இல்ல
உறவச் சொன்னா வருவீரோ
ஒலையில சோறு வெந்திருச்சு – ஒரு
வாய் தின்ன வருவீரோ
நடராசா... நடராசா... நடராசா...

மாஸ்டர் மஞ்சத்தண்ணியைத் தெளித்தார். துணி அசைந்தது.

"எவன்டா அது, தண்ணிய ஊத்துறது? குளிருதுடா!" என்று கத்திக்கொண்டு நடராஜா துணியை உதறி எழுந்து உட்கார்ந்தான். கண்ணைக் கசக்கினான். "புஷ்பம்! ஏ புஷ்பம்! எங்கடி போன?"

புஷ்பவதி வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் என்னவென்று எழுத? பிள்ளையை இறக்கிவிட்டு ஓடினாள். அவன் காலடியில் விழுந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சிரித்தாள், அழுதாள், அவன் கையில் அடித்தாள். "இன்னொருக்கா கூப்புடுங்க, இன்னொருக்கா" என்றாள்.

"புஷ்பம், புஷ்பம், புஷ்பம். போதுமா? என்னாடி இது, மூனு நாளைக்கா இந்தப் பாடு?" அவன் எழுந்து சோம்பல் முறித்தான். லிங்கோவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். "மச்சான், என்னாடா ஒன் தல? ஒரு ராத்திரில தோள் வரைக்கும் மசிரு வளந்துருச்சு! மாஸ்டரே, நீங்க என்னா, தாடியில மா கொட்டிக்கிட்டீங்களா? எங்க சனமெல்லாம்? பொங்கச்சோறு தின்ன ஒரு பயலும் வரலியா?"

நாங்களும் சிரித்தோம். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். லிங்கோ ஏதோ பதில் பாட வாயைத் திறந்தான், தொண்டையைத் தடவினான், ஒன்றும் வராமல் அவனும் சிரித்தான். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோசமாக இருந்த நேரம் கொஞ்சம்தான். கணவனின் கையை விடாமல் பிடித்தபடி புஷ்பவதி சோற்றைக் கிளறி, ஒரு அகப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அவன் ஊதிக்கொண்டே சந்திரகாந்தாவைப் பார்த்தான். அவள் கல்லடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு வீட்டுப் பிள்ள இது?" என்றான். அன்பாகத்தான் கேட்டான். "புகாருல தனியா நிக்கிதே. கூட்டிக்கிட்டுப் போயி ஆத்தாகிட்ட விடுங்கப்பா."

சிரிப்பு எங்கள் முகத்தில் அப்படியே நின்றது. புஷ்பவதி அவனைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "நம்ம..." என்று தொடங்கினாள்.

பிள்ளை அவனைப் பார்க்கவேயில்லை. அழவும் இல்லை. சரிவில் இறங்குகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எங்க போறீங்க?" என்றாள் புகாரைப் பார்த்து. "நில்லுங்கப்பா, நானும் வாறேன்."

பாதையில் எனக்கு ஆள் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன். ஆனால் பாதையோரத்துத் தேயிலை, ஒருவர் உரசிக்கொண்டு நடந்தால் எப்படி அசையுமோ அப்படி, ஒவ்வொரு செடியாகக் கீழ்நோக்கி அசைந்தது. பிள்ளை ஓடத் தொடங்கினாள். இரண்டு எட்டில் அவளுடைய சிவப்புச் சட்டை மங்கியது, அடுத்த எட்டில் இல்லை.

புஷ்பவதி புருசனின் கையை விட்டாள். சேலை கல்லில் சிக்கிக் கிழிய, சரிவில் விழுந்தடித்து ஓடினாள். புகாருக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"ஏங்க... நில்லுங்க! பிள்ள பின்னால வருதுங்க, நில்லுங்க! என்னைய விட்டுட்டுப் போவாதீங்க!"

நடராஜா சோற்று அகப்பையோடு என் பக்கம் திரும்பினான்.

"நானா" என்றான், "எம் பொண்டாட்டி யாரக் கூப்புடுறா?"